ஐந்தும் அடங்கினால் 'நான்' மிஞ்சுமா?



நாளை மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் பரீட்சை. இந்த நேரத்தில் ஆன்மா, தன்னுணர்வு என்று எழுத உட்கார்ந்திருக்கிறானே என்று வகுப்பில் கூட இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வது கயத்தாறு வரைக்கும் கேட்கிறது. என்ன செய்ய? புத்தகத்தைத் திறந்தால் இதுதான் ஓடுகிறது. இறக்கி வைத்துவிட்டுப் போய்ப் படிக்கிறேன், சத்தியமாக.

கேள்வி இதுதான். ஒருவருக்குக் கண் தெரியவில்லை, காது கேட்கவில்லை, நாக்கில் ருசி இல்லை, மூக்கில் வாசனை இல்லை, தொட்டாலும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். எந்த வழியாகவும் எதுவும் உள்ளே போகவில்லை. அப்போது அவருக்குள் 'நான் இருக்கிறேன்' என்ற நினைப்பு இருக்குமா, இருக்காதா?

வேலையில்லாதவன் கேட்கிற கேள்வி மாதிரிதான் தெரியும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை.

என் ஆச்சி, அப்பாவைப் பெற்றவள், கரிசல்காட்டில் பருத்தி எடுத்தே காலத்தைக் கழித்தவள். முதலில் சர்க்கரை வந்தது. சர்க்கரை முதலில் காலைத்தான் பிடித்தது. ஒருநாள் காட்டிலிருந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் சிவப்பாகக் கால்தடம். சீமைக்கருவேல முள் ஒரு விரல் நீளம் உள்ளங்காலில் ஏறி இருக்கிறது, அவளுக்குத் தெரியவே இல்லை. "எங்கடே ரத்தம்? யாருக்கு?" என்று எங்களைக் கேட்டாள். அப்புறம் கண் போனது. வயதாக வயதாகக் காது போனது. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் சேர்ந்து போயின. மிச்சம் இருந்தது இடது கை மட்டும்.

அந்த ஒரு கையை வைத்துத்தான் எங்கள் வீட்டில் ஒரு பாஷை உண்டாயிற்று. ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அதனால் உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிற வேலை எல்லாம் நடக்காது. நெற்றியில் திருநீறு பூசினால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் சாப்பாடு. மணிக்கட்டைப் பிடித்து லேசாக இழுத்தால் குளிக்க வேண்டும். ஆளை அடையாளம் கண்டுபிடிப்பது அவள் வேலை. என் கையில் வாட்ச் இருக்கும், அம்மா கையில் கண்ணாடி வளையல். தங்கச்சி கை சின்னது. ஒருநாள் வாட்ச்சைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கையை நீட்டினேன். மணிக்கட்டைத் தடவித் தடவிப் பார்த்தாள், வெறும் மணிக்கட்டு. அப்புறம் மேலே முழங்கை வரைக்கும் போய், சின்ன வயதில் சைக்கிளில் விழுந்த தழும்பைக் கண்டுபிடித்து, ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

போன வருடம் புரட்டாசியில் தாத்தா இறந்தார்.

வீடு முழுக்க சொந்தக்காரர்கள். ஆச்சி உள் அறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றும் தெரியாது. அவளுக்குச் சொல்ல வேண்டுமா என்று ஒரு பேச்சு கிளம்பியது. பெரியப்பா சொன்னார்: "அம்மாவுக்கு என்னத்தத் தெரியப் போகுது? கட்டை மாதிரி கிடக்கு. கூட்டத்துக்குள்ள தூக்கிட்டு வந்து கஷ்டப்படுத்தாதீங்க." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பாசத்தில்தான் சொன்னார். அம்மா ஒன்றும் பதில் பேசவில்லை. நீர்மாலைக்கு எல்லோரும் போயிருந்த நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள். இரண்டு பேரும் ஆச்சியைத் தூக்கி வந்து தாத்தா பக்கத்தில் உட்கார வைத்தோம். அம்மா ஆச்சியின் இடது கையை எடுத்துத் தாத்தாவின் நெற்றியில் வைத்தாள்.

கை அப்படியே நின்றது. அப்புறம் மெதுவாக மூக்குக்குக் கீழே வந்தது. அங்கே கொஞ்ச நேரம் இருந்தது. அப்புறம் அந்தக் கை தாத்தாவை விட்டு எழுந்து, அவளுடைய சொந்தக் கழுத்துக்குப் போய், தாலியைப் பிடித்துக்கொண்டது.

நான் பி.காம் படிக்கிறவன். தத்துவமும் தெரியாது, நரம்பியலும் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்தில் உள்ளே 'நான்' என்று ஒருத்தி இருந்தாள் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம்.

இந்தக் கேள்வியைக் கேட்டதும் நம் ஊர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வர வேண்டியவர் ரமண மகரிஷி. எங்களுக்கு அவர் கிட்டத்தட்டப் பக்கத்து ஊர்க்காரர். அருப்புக்கோட்டையைத் தாண்டினால் திருச்சுழி, அங்கேதான் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்தார். பெயர் வேங்கடராமன். 1892ல் அப்பா இறந்ததால் மதுரையில் சித்தப்பா வீட்டில் இருந்து படித்தார். 1896 ஜூலையில், பதினாறு வயதில், உடம்பில் எந்த நோயும் இல்லாதபோது திடீரென்று சாகப்போகிறோம் என்ற பயம் வந்தது. நமக்கு வந்திருந்தால் யாரையாவது கூப்பிட்டுக் கத்தியிருப்போம். அவர் தரையில் பிணம் மாதிரி விறைத்துப் படுத்தார். மூச்சை அடக்கினார், உதட்டை இறுக்கி மூடினார். இந்த உடம்பு செத்துவிட்டது, தூக்கிக்கொண்டு போய் எரிக்கப் போகிறார்கள், அதோடு 'நான்' போய்விடுமா என்று உள்ளேயே பார்த்தார். போகாது என்ற முடிவுக்கு வந்தார். ஆகஸ்ட் 29 அன்று வீட்டை விட்டுக் கிளம்பி செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். 1931ல் பி.வி. நரசிம்ம சுவாமி எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் வருகிறது.

திருவண்ணாமலையில் நடந்தது இன்னும் நம் விஷயத்துக்கு நெருக்கம். ஆயிரங்கால் மண்டபத்தில் பாதாள லிங்கம் இருக்கிற குழிக்குள் போய் உட்கார்ந்தார். பூச்சிகள் தொடையை அரித்துப் புண்ணாகி ரத்தமும் சீழும் வந்தும் அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள்தான் வெளியே தூக்கி வந்தார்கள். (ஆச்சியின் முள் எனக்கு இங்கேதான் ஞாபகம் வந்தது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. ஆச்சிக்கு நரம்பு செத்துவிட்டது. அவருக்கு நரம்பு நன்றாகத்தான் இருந்தது, அதைக் கேட்க ஆள் அங்கே இல்லை.)

1902ல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு அவர் சொன்ன பதில்கள்தான் பிற்பாடு 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தன. அதில் அவர் போகிற வழி கழித்தல் கணக்கு. உடம்பு நான் இல்லை, ஐம்புலன்கள் நான் இல்லை, மனம் நான் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், எல்லாம் போன பிறகு மிஞ்சுகிற அறிவுதான் நான் என்கிறார். அதாவது நம் கேள்விக்கு அவருடைய பதில்: புலன் இல்லாமலும் 'நான்' உண்டு, சொல்லப்போனால் புலன் எல்லாம் விலகினால்தான் அது சுத்தமாகத் தெரியும்.

மகரிஷி மேல் எனக்கு மரியாதை உண்டு. இருந்தாலும் ஒரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அவர் பிணம் மாதிரிப் படுத்தார் என்றால், அதற்கு முன்னால் பிணம் எப்படிப் படுக்கும் என்று பார்த்திருக்கிறார். நாலு வருடத்துக்கு முன் சொந்த அப்பாவின் மரணத்தைப் பார்த்தவர். உதட்டை இறுக்கினார் என்றால் உதடு இறுகியதை அவரால் உணர முடிந்தது. மூச்சை அடக்கினார் என்றால் நெஞ்சு முட்டியிருக்கும். 'நான்' என்ற சொல்லே காது வழியாக, அம்மா அப்பா பேசி, பதினாறு வருடமாக உள்ளே போனது. எங்கள் பாஷையில் சொன்னால் அவருக்கு ஓப்பனிங் பேலன்ஸ் பலமாக இருந்தது. பதினாறு வருடத்து வரவு எல்லாம் கையிருப்பாக வைத்துக்கொண்டு, இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, 'பார், வியாபாரம் இல்லாமலே பணம் இருக்கிறது' என்று சொன்னால் எப்படி? அவர் கண்டது பொய் என்று சொல்ல வரவில்லை. புலன் வாசல் ஒன்றுமே திறக்காமல் பிறந்த ஒரு குழந்தைக்கு அது பதிலாகாது என்கிறேன்.

இதே சந்தேகம் எனக்கு ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பாரசீக மருத்துவர் இப்னு சினா மேலும் உண்டு. கி.பி. 980ல் புகாரா பக்கத்தில் பிறந்து 1037ல் இறந்தவர். அவர் ஒரு கற்பனை சொன்னார். ஒரு மனிதன் முழு ஆளாக ஒரே நொடியில் படைக்கப்பட்டு வெட்டவெளியில் மிதக்கிறான். கண் மறைக்கப்பட்டிருக்கிறது. கை காலெல்லாம் ஒன்றையொன்று தொடாமல் விலகி இருக்கின்றன. காற்றின் உரசல்கூட இல்லை. அப்போதும் அவன் தன் கை காலையோ, குடலையோ, மூளையையோ பற்றி ஒன்றும் தெரியாமலே, தான் இருப்பதை மட்டும் உறுதியாகச் சொல்வான் என்கிறார் இப்னு சினா. அழகான கற்பனை. ஆனால் 'முழு ஆளாக' என்ற ஒரு வார்த்தையில் விளையாடிவிட்டாரே! யோசிக்கத் தெரிந்தவனைப் படைத்துவிட்டு, யோசிப்பான் பார் என்றால் யோசிக்கத்தான் செய்வான்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது சைவ சித்தாந்தம். பெருமாள் கோயிலுக்குப் போகிற நண்பர்கள் மன்னிக்கவும், இது மதப் பிரச்சாரம் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தில் மொத்தமே 12 சூத்திரம். அதில் மூன்றாவது சூத்திரம் முழுக்க உயிர் என்று ஒன்று உண்டா என்ற வாதம்தான். 'இல்லை' என்று சொல்கிற ஒன்று உள்ளே இருக்கிறதே, 'என் உடம்பு' என்று உடம்பைத் தனியாகச் சொல்கிற ஒன்று இருக்கிறதே, ஐந்து புலனும் தனித்தனியாகக் கொண்டுவருவதைச் சேர்த்து அறிகிற ஒன்று இருக்கிறதே, அதுதான் உயிர் என்று போகிறது. இதுவரைக்கும் ரமணர் சொல்வதோடு பெரிய சண்டை இல்லை. சண்டை அடுத்த கட்டத்தில் வருகிறது.

உயிருக்கு மூன்று நிலை சொல்கிறார்கள். கேவலம், சகலம், சுத்தம். கேவலம் என்றால் நாம் திட்டுகிற கேவலம் இல்லை, தனியாக இருப்பது. உடம்பும் கருவிகளும் சேராமல் உயிர் தனியாக ஆணவத்தில் மூடிக் கிடக்கிற நிலை. அந்த நிலையில் உயிருக்கு ஒன்றும் தெரியாது, தன்னையும் தெரியாது. இருட்டில் இருக்கிற கண் மாதிரி. கண் இருக்கிறது, பழுதும் இல்லை, ஆனால் பார்வை இல்லை. உடம்பும் புலனும் மனமும் கிடைக்கிற சகல நிலை, அந்த இருட்டில் கிடைக்கிற விளக்கு. அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிர் கொஞ்சமாவது அறிய ஆரம்பிக்கிறது. எதைச் சார்ந்ததோ அதன் வண்ணமாவதுதான் உயிரின் குணம் என்று படிகத்தை உதாரணம் காட்டுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். 'உயிர் இருக்கிறது' என்பதும் 'உயிர் தன்னை அறிகிறது' என்பதும் வேறு வேறு என்று ஏழு நூற்றாண்டுக்கு முன்னாலேயே பிரித்து வைத்துவிட்டார்கள். நாம் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இந்தப் பிரிவினை மிகவும் பிடித்திருக்கிறது. சொத்து இருப்பது வேறு, அது கணக்குப் புத்தகத்தில் ஏறி இருப்பது வேறு.

தொல்காப்பியம் மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசை இருக்கிறதே, பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது, அதையும் எடுத்துப் பார்த்தேன். தொடுவது முதல், பிறகு நாக்கு, மூக்கு, கண், காது, ஆறாவதாக மனம். ஐந்துக்கும் மேலேதான் மனம் உட்கார்ந்திருக்கிறது. ஐந்தும் இல்லாமல் ஆறாவது மட்டும் உள்ள உயிர் என்று ஒரு வகை அந்தப் பட்டியலிலேயே கிடையாது. கருவில் இருக்கும் குழந்தைக்கும் தொடுவுணர்வுதான் முதலில் வருகிறது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. ('அன்றே சொன்னான் தமிழன்' என்று நான் ஆரம்பிக்க மாட்டேன், பயப்பட வேண்டாம்.)

ஐந்து என்பதும் பள்ளிக்கூடக் கணக்குதான். கண்ணை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொடுங்கள். சரியாகத் தொட்டீர்கள் இல்லையா? கை எங்கே இருக்கிறது என்று கண் சொல்லவில்லை, தசையும் மூட்டும் சொல்லின. அது ஒரு புலன். பசிப்பது, நெஞ்சு படபடப்பது, மூச்சு முட்டுவது, தலை சுற்றுவது எல்லாம் உள்ளிருந்து வருகிற புலன்கள். இங்கிலாந்தில் இயன் வாட்டர்மேன் என்பவருக்கு 1971ல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடுவுணர்வும் கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் போய்விட்டன. தசை நன்றாக இருக்கிறது, ஆனால் உடம்பு எங்கே என்று தெரியாததால் முதலில் எழுந்து நிற்கவே முடியவில்லை. கண்ணால் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு அசைவையும் திரும்பக் கற்றுக்கொண்டார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார். அவருக்கும் வலியும் சூடும் தெரியும். ஆக 'எந்தப் புலனும் இல்லாத மனிதன்' என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோமே, அப்படி ஒருவர் நெஞ்சு துடிப்பதுகூடத் தெரியாமல் இருக்க வேண்டும்.

1950களில் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் குழு ஒரு சோதனை செய்தது. கல்லூரி மாணவர்களுக்கு நாளுக்கு 20 டாலர் கொடுத்து, சும்மா படுத்திருக்கச் சொன்னார்கள். கண்ணுக்கு மங்கலான கண்ணாடி, கைக்கு உறை, காதில் ஒரே மாதிரி இரைச்சல். படுத்திருக்கக் காசா, எங்கள் ஹாஸ்டல் பசங்களைக் கூப்பிட்டிருக்கலாம்! ஆனால் பெரும்பாலானவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்கவில்லை. இல்லாத உருவங்கள் தெரிந்தன, யோசனை ஓடவில்லை. வரவு நின்றால் கையிருப்பைத் தின்ன ஆரம்பிக்கிறது மூளை.

இனிதான் எனக்கு முக்கியமான ஆள் வருகிறார். ஹெலன் கெல்லர். 1880ல் பிறந்து, 19 மாதத்தில் காய்ச்சலில் கண்ணும் காதும் போனவர். 1887ல் ஆசிரியை ஆன் சல்லிவன் வந்து, தண்ணீர்க் குழாயடியில் ஒரு கையில் தண்ணீரை விட்டு இன்னொரு கையில் அந்தச் சொல்லை விரலால் எழுதிய கதை எல்லோருக்கும் தெரியும், நம் பாடப் புத்தகத்திலேயே படித்திருப்போம். அவர் 1955ல் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். அதிகம் பேசப்படாதது ஒன்று உண்டு. ஆசிரியை வருவதற்கு முன்னால் தான் ஒருத்தி இருக்கிறோம் என்பதே தனக்குத் தெரியாது என்று 1908ல் வந்த புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் ஆசிரியை வருவதற்கு முன்னும் ஹெலனுக்குத் தொடுவுணர்வு இருந்தது. மூக்கு இருந்தது, நாக்கு இருந்தது. பசித்தது, கோபம் வந்தது, பொருட்களை உடைத்தார். மூன்று புலன் வேலை செய்தும் 'நான்' இல்லையாம்! (வளர்ந்த பிறகு எழுதியதுதான், சொல் இல்லாத காலத்தைச் சொல் கொண்டு நினைத்துப் பார்த்தது எவ்வளவு சரி என்ற கேள்வி இருக்கட்டும்.)

இன்னொரு பக்கம் லாரா பிரிட்ஜ்மன். ஹெலனுக்கு 50 வருடம் முன்னால், 1829ல் அமெரிக்காவில் பிறந்தவர். இரண்டு வயதில் காய்ச்சலில் கண், காது போயின, மூக்கும் நாக்கும் கிட்டத்தட்டப் போயின. மிஞ்சியது தொடுவுணர்வு ஒன்றுதான். 1837ல் பாஸ்டனில் பெர்கின்ஸ் பள்ளியில் சாமுவேல் ஹவ் என்பவர் அவருக்கு எழுத்துகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். லாரா படித்தார், எழுதினார், நாட்குறிப்பு வைத்தார். 1842ல் சார்லஸ் டிக்கன்ஸ் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பின்னாளில் ஆன் சல்லிவன் விரல் பாஷையைக் கற்றுக்கொண்டதே அந்தப் பள்ளியில் வயதான லாராவிடம்தான்.

ஆக மூன்று வாசல் திறந்திருந்தும் ஹெலனுக்கு 'நான்' வரவில்லை. ஒரே வாசல் திறந்திருந்தும் லாராவுக்கு வந்தது. அப்படியென்றால் எத்தனை வாசல் என்பது கணக்கே இல்லை. அந்த வாசல் வழியாக இன்னொரு ஆள் வந்தாரா என்பதுதான் கணக்கு. என் கருத்து இதுதான், தப்பாக இருந்தால் திருத்துங்கள்: புலனே இல்லாமல் பிறந்து வளர்கிற உயிருக்குத் தன்னுணர்வு வராது. புலன் இல்லை என்பதால் மட்டும் இல்லை, 'நீ' என்று யாரும் அதைக் கூப்பிட வழியில்லை என்பதால். யாராவது 'நீ' என்ற பிறகுதான் பதிலுக்கு 'நான்' வருகிறது. அக்கவுண்ட்ஸில் முதல் பாடமே, முதலாளி வேறு, கடை வேறு, முதலாளி போட்ட பணத்தைக் கடை அவருக்குத் தர வேண்டிய கடனாக எழுது என்பதுதான். ஒரே ஆளை இரண்டாகப் பிரிக்காமல் ஒரு என்ட்ரியும் போட முடியாது. தன்னுணர்வும் அந்த மாதிரி இரண்டு பக்கம் உள்ள என்ட்ரிதான் என்று எனக்குப் படுகிறது.

இப்போது கம்ப்யூட்டரில் பேசுகிற செயற்கை அறிவு வந்திருக்கிறது. கேட்டால் 'நான்' என்று அழகாகச் சொல்கிறது. கண் இல்லை, காது இல்லை, பசி இல்லை. அதற்குத் தன்னுணர்வு வந்துவிட்டதா என்று வகுப்பில் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம். இது 'நீ' என்று கூப்பிட்டால் பதில் சொல்கிறதே, உன் கணக்குப்படி அதற்கு 'நான்' இருக்க வேண்டுமே என்று ஒருத்தன் மடக்கினான். நல்ல மடக்கு. என் பதில்: அதனிடம் உள்ள 'நான்' எல்லாம் பசித்தவர்களும் வலித்தவர்களும் எழுதி வைத்த 'நான்'. பக்கத்தில் இருக்கிற நிறத்தை வாங்கிக் காட்டுகிற படிகம். வவுச்சர் இல்லாத என்ட்ரி. ஆனால் ஆடிட் செய்கிற அளவுக்கு எனக்கு அந்த மெஷினைத் தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அவன் சமாதானம் ஆகவில்லை.

பிறந்தபோதே வாசல் இல்லாதவரைப் பற்றி என் முடிவைச் சொல்லிவிட்டேன். எனக்கு உண்மையில் தெரிய வேண்டியது அது இல்லை. முழு வாழ்க்கையும் வாழ்ந்துவிட்டு, ஒவ்வொரு வாசலாகச் சாத்தப்பட்டவரின் கதி என்ன? கையிருப்பு எவ்வளவு நாள் வரும்?

அதற்கு விஞ்ஞானம் பாதி பதில் வைத்திருக்கிறது. 2006ல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவன் குழு, கார் விபத்தில் அடிபட்டு எந்த அசைவும் பதிலும் இல்லாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை ஸ்கேனுக்குள் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய் என்று சொன்னது. அடுத்து, உன் வீட்டு அறைகளுக்குள் நடந்து போவதாகக் கற்பனை செய் என்றது. இரண்டுக்கும் அவருடைய மூளை நல்ல ஆரோக்கியமானவர்களின் மூளை போலவே வேலை செய்தது. 2024ல் வந்த பெரிய ஆய்வில், கட்டளைக்கு உடம்பால் பதிலே காட்டாத 241 பேரில் 60 பேருடைய மூளை உள்ளே பதில் சொல்லியிருக்கிறது. நாலில் ஒருவர்! மும்பையில் அருணா ஷான்பாக் 1973லிருந்து 2015ல் இறக்கும் வரை படுக்கையில் கிடந்தாரே, அவருக்குப் பணிவிடை செய்த நர்சுகள் 'அவருக்கு ஒன்றும் தெரியாது' என்பதை ஒத்துக்கொள்ளவே இல்லை. 2011ல் உச்ச நீதிமன்றத்தில் கருணைக் கொலை மனு நிராகரிக்கப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்கள் அவர்கள்தான். நர்சுகளைப் பாசத்தில் பேசுகிறார்கள் என்று நாம் ஓரங்கட்டிவிடக் கூடாது என்று அந்த 60 பேர் சொல்கிறார்கள்.

ஆனால் பாதி பதில் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்த ஸ்கேன் சோதனைக்கெல்லாம் காது திறந்திருக்க வேண்டும். 'டென்னிஸ் ஆடு' என்பது உள்ளே போக வேண்டும். காதும் இல்லாதவரிடம் எப்படிக் கேட்பது? எல்லா வாசலும் சாத்தியவர் உள்ளே இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே நிற்கிற நமக்கு ஒரே மாதிரிதான் தெரியும்.

இந்தத் தை மாதம் ஆச்சிக்கு இரண்டாவது தடவை வந்தது. இப்போது இடது கையும் ஓய்ந்துவிட்டது. உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் வாய் திறப்பதில்லை. ஊட்டினால் விழுங்குகிறாள். என் வாட்ச்சைத் தேடுவதில்லை. பெரியப்பா வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அம்மா இன்னமும் காலையில் திருநீறு பூசுகிறாள். இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் ஊட்டுகிறாள்.

போன வாரம் காட்டிலிருந்து பருத்தி வந்தது. அம்மா ஒரு சுளையை எடுத்து ஆச்சியின் இடது உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மெதுவாக மூடிக்கொண்டன. அம்மா என்னைப் பார்த்தாள். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் தானாக மூடும், அது அனிச்சைச் செயல் என்று நான் படித்திருந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சுளையை எடுக்கப் போனேன். ஆச்சி விடவில்லை. அனிச்சையிலும் அப்படித்தான் விடாதாம்.

அப்படியே விட்டுவிட்டு வந்தேன். சாயங்காலம் வரைக்கும் கையில்தான் இருந்தது.